புஷ்பம் உண்டாக்கிய ஒண்டு

தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் புஷ்பத்தைப் பொல்லாதவள் என்று சொன்னவர்கள் உண்டு. அவள் காதில் விழாத தூரத்தில் நின்று சொன்னார்கள். பால் வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு கை இல்லை என்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். ஆனால் அவளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒண்டுவில் போய்த்தான் நிற்கும். ஒண்டு செவ்வாய்க் கிரகத்தில் வாழ்கிற ஓர் உயிர். அதை உண்டாக்கிப் பெயர் வைத்து, தன் ஆத்திரத்தை ஊட்டி வளர்த்தவள் அவள்தான்.

அந்த ஆத்திரம் அவளுடைய அக்கா அங்கம்மா செத்த வருடம் பிறந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு. அங்கம்மாவுக்கு முகம் ஊதியது. நகம் வெளுத்தது. மலை ஏறும்போது நாலு மரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் மண்ணைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். மூன்று தடவை டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கிறவர் பரராசசிங்கம், யாழ்ப்பாணத்து மனிதர். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் டாக்டரையா. இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். பிறகு வந்தவளின் முகத்தைப் பார்க்காமலே சொல்வார்:

"உனக்கு ஒண்டுமில்லை. போ."

மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். சீட்டில் கள்ள நோவு என்று இங்கிலீசில் எழுதினார். அதைப் பெரிய கங்காணி மறுநாள் பிரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், தமிழில் உரக்கச் சொன்னார்: "சோம்பி அங்கம்மா! ஒனக்கு ஒண்ணுமில்லியாம். மலைக்கு நட!" நாலாவது தடவை டிஸ்பென்சரிக்குப் போக அங்கம்மா இல்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் பால் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழும்பவேயில்லை.

ஆள் போய்விட்டாள், பெயர் போகவில்லை. அங்கம்மாவின் மகள் செவந்திக்கு அப்போது நாலு வயது. தகப்பன் இந்தியாவுக்குப் போனவன், திரும்பவில்லை. பிள்ளை இல்லாத புஷ்பம் அவளை எடுத்து வளர்த்தாள். செவந்தி பத்து வயதில் புல் வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்தபோது, கங்காணி அவளை எந்தப் பெயரில் கூப்பிட்டார் தெரியுமா? "சோம்பி மக!" களம் முழுவதும் சிரித்தது. செவந்தியும் சிரித்தாள், அது கேலி என்று புரியாமல். அன்று புஷ்பம் பால் வெட்டுகையில் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து புழு டாக்டர்கள் வந்தார்கள். ரப்பர் ஸ்டோரில் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் பெட்டியால் படம் காட்டினார்கள். மலைப்பாம்பு அளவுக்கு ஒரு புழு துணியில் வளைந்து நின்றது. வாயில் பல். டாக்டர் இங்கிலீசில் சொல்ல, பரராசசிங்கம் தமிழில் சொன்னார்: "இது செருப்பில்லாத காலாலை ஏறும். குடலிலை கடிச்சுக்கொண்டு தொங்கும். ரத்தம் குடிக்கும். முகம் ஊதும், நகம் வெளுக்கும், மண் தின்னச் சொல்லும்."

புஷ்பம் அவர் வாயையே பார்த்தாள். அக்காவின் உடம்பில் நடந்த ஒவ்வொன்றையும் அந்த வாய் வரிசையாகச் சொல்கிறது. ஒண்டுமில்லை என்று சொன்ன அதே வாய். குரல் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அவர் மறந்தேவிட்டார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. மறந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

படம் முடிந்தும் பிள்ளைகள் நகரவில்லை. விளக்குப் பெட்டிக்காரர் மனமிரங்கி, பெட்டியில் மிச்சமிருந்த ஒரு படத்தைப் போட்டார். சிவப்பாக ஒரு பந்து. "இது செவ்வாய். அங்கையும் உயிர்கள் இருக்கலாம் எண்டு சில பேர் சொல்லுகினம்" என்றார் பரராசசிங்கம்.

வெட்டுக்கத்தி புஷ்பத்தின் இடுப்பிலேயே இருந்தது. அவள் அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆனால் அவரைத் தொட்டால் தன் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்புவார்கள். செவந்தி எங்கே போவாள்? அதோடு, டாக்டரையா செத்தால் தோட்டமே அழும். சோம்பி என்ற பெயர் அப்படியே இருக்கும். அவரும் ஒரு பெயரைச் சுமந்துகொண்டு உயிரோடு நடமாட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

பெயர் மறுநாளே கிடைத்தது. வெட்டு முடிந்து பால் அளக்கிற கொட்டிலில் பெண்கள் வாளிகளோடு காத்திருந்தார்கள். ஓச்சாயி என்பவள் வாயாடி. புஷ்பத்தின் பக்கத்து லயம். அவள் டாக்டரையா மாதிரியே செருமிக் காட்டினாள்.

"எனக்கு இடுப்பு நோவுன்னு போனேன்டி. 'உனக்கு ஒண்டுமில்லை'ன்னுட்டாரு."

"ஒண்டு இல்லியாமா?" என்றாள் புஷ்பம். "ஒண்டு இருக்குக்கா. உள்ளாறதான் ஒண்டிக்கிட்டு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்து வாயில் ஒன்று என்பது ஒண்டு. லயத்திலோ, அடுத்தவர் இடத்தில் ஒட்டிக்கொண்டு அவர் சோற்றைத் தின்று பிழைப்பதைத்தான் ஒண்டுவது என்பார்கள். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது சொன்ன பிறகுதான் புஷ்பத்துக்கே விளங்கியது.

"ஒண்டுன்னா என்னா?" என்றாள் ஓச்சாயி.

"நேத்து காட்டுனாங்களே, செவ்வாய். அங்க இருக்குற உசுரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. தோட்டத்தைப் பற்றிக் கதை கட்டினால் பிடிபடலாம். செவ்வாயைப் பற்றிச் சொன்னால் யார் வந்து கேட்பது?

முதலில் ஒண்டு குடியிருக்க ஓர் உடம்பு வேண்டும். புஷ்பம் பொதியானைச் செய்தாள்.

"செவ்வாயில பூராவும் செம்மண்ணு. நம்ம ஒம்பதாம் நம்பர் மலை மாதிரிச் சரிவு. அங்க பொதியான்னு ஒரு உசுரு. அரிசி மூட்டை தண்டி. வழுக்காம ஏற ஆறு காலு. சேம்பெலை தண்டிக்குக் காது. கண்ணு கெடையாது."

"கண்ணு ஏன்டி இல்ல?"

"விடியுமுன்ன மலைக்குப் போயி, பொழுது சாய எறங்குறதுக்குக் கண்ணு என்னத்துக்கு?"

"செவ்வாயிலயே பொறந்துருக்கு. அம்புட்டுக்கும் தோசம். கல்யாணமே ஆகாது போ" என்றாள் ஓச்சாயி.

பொதியான்களுக்கு உடம்பில் வெள்ளை இரத்தம் ஓடியது. மண்ணில் இறங்கும் சிவப்புப் பனியை நக்கிப் பிழைத்தன. ஒன்றையொன்று சந்தித்தால் பாட்டுப் பாடின. அவற்றை நல்ல உயிர்களாகவே செய்தாள். கேட்கிறவர்களுக்கு அவற்றின் மேல் பாசம் வந்தால்தான் ஒண்டுவின் மேல் வெறுப்பு வரும்.

மூன்றாம் நாள் ஒண்டு வந்தது. "நூல் தண்டி. வெள்ளை வெளேருன்னு இருக்கும். வாயத் தொறக்குமுன்ன ரெண்டு தடவ தொண்டையைச் செருமும்."

ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரும் பெயர் சொல்லவில்லை.

ஓச்சாயி லேசில் விடுகிறவள் இல்லை. "அது எது வழியா உள்ளாற போவுது? காலு வழியாவா?"

"காது வழியா."

"காதுல போனது குடலுக்கு எப்புடிடி போவும்? சும்மா வாயில வந்ததச் சொல்லாத."

மறுநாள் இருநூற்றைம்பது மரத்தையும் அந்தக் கேள்வியோடே வெட்டினாள். கொட்டிலுக்கு வரும்போது பதில் இருந்தது. "அது உடம்போட போறதில்லக்கா. சத்தமாப் போவுது. ஒரு பொதியானுக்குள்ள குடியிருக்குற ஒண்டு, அதோட வாயால கத்தும். அந்தச் சத்தத்துல தூசி மாதிரி முட்டை. கேட்ட பொதியானோட காதுல விழுந்து, எச்சியோட எறங்கி, குடல்ல பொரிக்கும்."

"என்னான்னு கத்தும்?"

"ஒண்டுமில்லைன்னு கத்தும்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கணக்கப்பிள்ளையே எட்டிப் பார்த்தார்.

இன்னொரு நாள் இன்னொரு கேள்வி. ரத்தத்தைக் குடித்தால் பொதியான் செத்துப்போகுமே, ஒண்டு பிறகு எங்கே போகும்? இதற்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாக எழுந்து காற்றில் வெட்டிக் காட்டியது. "நாம வெட்டுற மாதிரிதான். நேத்து வெட்டுனதுக்குக் கீழ ஒரு மயிரெழ. கட்டையில படாம. மரம் சாவாது, பாலும் நிக்காது." சொல்லி முடித்த பிறகு தன் கையையே பார்த்தாள். ஒண்டுவுக்குப் பல்லும் பழக்கமும் கொடுத்தது தன்னுடைய கைதான். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கதை நன்றாக வந்திருந்தது, விட மனமில்லை.

கடைசியாகக் கேட்டது: உள்ளே இவ்வளவு நடந்தும் பொதியானுக்கு ஏன் தெரியவில்லை?

"உள்ளாறருந்து ஒண்டு சொல்லிக்கிட்டே இருக்கும், ஒண்டுமில்லை ஒண்டுமில்லைன்னு. பொதியானும் நம்பிரும். ஒரு நாளு மலையில ஒரு பொதியான் விழும். எழும்பாது. அப்ப மத்த பொதியானெல்லாம் சுத்தி நின்னு, 'சோம்பி, சோம்பி'ன்னு கத்தும். ஏன்னா அதுங்களுக்குள்ளயும் ஒண்டு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் ஒரு காலத்தில் அங்கம்மாவை அப்படிக் கூப்பிட்டவள்தான். ஓச்சாயி தன் வாளியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துக்கொண்டாள். புஷ்பம் வேண்டுமென்றேதான் அதைச் சொன்னாள்.

மாசி பிறக்குமுன் கதை எல்லா லயத்துக்கும் போய்விட்டது. தெஹியோவிட்டக் கடைவீதியிலிருந்து துணி மூட்டையோடு வருகிற கபூர் நானா அதைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார். பரராசசிங்கத்துக்குப் பின்னால் ஒண்டையா என்ற பெயர் நடந்தது. அவர் செருமினால் வரிசையில் நிற்பவர்கள் குனிந்துகொள்வார்கள். ஒண்டுமில்லை என்று தொடங்குவார். எங்கோ ஒரு சிரிப்பு வெடிக்கும். வேறு வார்த்தை தேடிப் பார்த்தார். இருபது வருடம் பழகிய நாக்கு அதிலேயே போய் விழுந்தது. பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடி இருப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே புஷ்பம் விரலில் லேசாகக் கீறிக்கொண்டு ஒரு நாள் போனாள். "உனக்கு ஒண்..." என்று அவர் நின்றபோது, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது. நேரே கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு ஒண்டுங்களா, ஐயா?"

அவர் முகம் சிவந்தது. கதை எங்கிருந்து வந்தது என்று அன்று அவருக்கும் விளங்கியது.

பிறகுதான் அவள் நினைக்காதது நடந்தது. புழுவுக்குக் கொடுக்கிற கசப்பு எண்ணெய் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது. நானூறு பேர் குடிக்க வேண்டும். வந்தவர்கள் பதினொரு பேர். "ஒண்டையா கையால குடிச்சா உள்ள இருக்குறது வளரும்" என்று பேச்சு. பிள்ளைகள் டிஸ்பென்சரியைக் கடக்கும்போது ஒட்டுப்பாலை, அதுதான் சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ரப்பரை, உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு பின்னேரம் புஷ்பம் லயத்துக்கு வந்தபோது செவந்தி சுவரோரம் குந்தியிருந்தாள். வாய் அசைந்தது. சுவரில் புதிதாகச் சுரண்டிய தடம்.

"வாயத் தொற."

நாக்கு முழுவதும் மண். புஷ்பம் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகம் வெளுத்திருந்தது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அங்கம்மாவின் ஊதிய முகம். எத்தனை நாளாக இப்படி? கதையில் இருந்த கண் பிள்ளையின் மேல் இல்லாமல் போய்விட்டது.

"வா, மருந்து குடிக்கப் போவோம்."

செவந்தி தூணைக் கட்டிக்கொண்டாள். "மாட்டேன் சின்னம்மா! அந்தாளு வாயத் தொறந்தா காதுல ஒண்டு போவுமுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அது கதைடி."

"பொய்யா அப்ப?"

புஷ்பத்தால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பொய் என்றால் அக்காவும் சோம்பிதான் என்று ஆகிவிடும். தோட்டமே அப்படித்தான் சொல்லும். உண்மை என்றால் பிள்ளை மருந்து குடிக்கமாட்டாள். இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். செவந்தி கடித்தாள், குடித்ததைத் துப்பினாள். அன்று புஷ்பம் சோறு ஆக்கவில்லை. உலை வைக்காத அடுப்பின் முன் உட்கார்ந்து, ஒண்டுவை எப்படிச் சாகடிப்பது என்று யோசித்தாள்.

மறுநாள் வெட்டு முடிந்ததும் டிஸ்பென்சரிக்குப் போனாள். பரராசசிங்கம் தனியே இருந்தார். மேசையில் திறக்காத எண்ணெய்ப் போத்தல்கள்.

"நீதானே இந்தக் கதையைக் கட்டினனீ?" என்றார். "துரையிட்டைச் சொல்லி உன்ரை பேரை வெட்டுவிப்பன்."

"வெட்டுங்க. சனிக்கிழம கொழும்பு டாக்டருங்க வந்து எத்தன பேரு குடிச்சாங்கன்னு பாப்பாங்களாமே. பதினொரு பேருன்னு சொல்லுங்க."

அவர் எண்ணெய்ப் போத்தல்களைப் பார்த்தார்.

"நானூறு பேரையும் நான் கொண்டாந்து நிறுத்துறேன் ஐயா. நீங்க ஒரு வார்த்த சொல்லணும். பிரட்டுக்களத்துல, எல்லாரும் கேக்க. எங்கக்கா அங்கம்மாவுக்கு ஒண்டு இருந்துச்சுன்னு."

"எந்த அங்கம்மா?"

அவள் சொன்னாள். முகம் ஊதியது, மண் தின்றது, மூன்று சீட்டு, ஒன்பதாம் நம்பர் மலை. சொல்லச் சொல்ல அவர் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது.

"அப்ப உந்தப் புழுவைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே ஐயா. ஒண்டுமில்லைன்னு ஏன் சொன்னீங்க?"

"நோய் இருந்தது எண்டு சொல்லுறன்" என்றார்.

"இல்லீங்க. ஒங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

அன்றைக்குக் கொட்டிலில் புஷ்பம் கதையின் கடைசியைச் சொன்னாள். ஒண்டுவுக்கு ஒரே ஒரு பயம்தான். தான் இருப்பது வெளியே தெரியக் கூடாது. அது வாழ்வதே இல்லை என்ற சொல்லில். என்றைக்காவது அதன் வாயாலேயே இருக்கிறது என்று சொன்னால், பல்லெல்லாம் கொட்டிவிடும். அப்போது கசப்பு எண்ணெயை ஊற்றினால் பொதியானை விட்டு விழுந்துவிடும்.

"அது எங்கடி சொல்லப்போவுது?" என்றாள் ஓச்சாயி.

"நாளைக்கிக் காலம்பற களத்துக்கு வாங்க."

விடிந்தும் விடியாததுமாகக் களம் நிறைந்திருந்தது. பெரிய கங்காணி ஆள் பிரிக்குமுன் பரராசசிங்கம் முன்னால் வந்தார். பழக்கத்தில் இரண்டு தடவை செருமினார். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஒன்பதாம் நம்பர் மலையிலை செத்த அங்கம்மாவுக்கு..." நாக்கு புரளவில்லை. "அங்கம்மாவுக்கு ஒண்டு இருந்தது. கள்ள நோவில்லை. நான் எழுதினது பிழை."

செவந்தி முதலில் ஒரு காதிலிருந்தும் பிறகு மற்றக் காதிலிருந்தும் ஒட்டுப்பாலை எடுத்துக் கீழே போட்டாள். "சொல்லிருச்சு சின்னம்மா" என்றாள். முதல் ஆளாகக் குடித்தவள் அவள்தான். கசப்பில் முகம் கோணியது; துப்பவில்லை. அவளுக்குப் பின்னால் ஓச்சாயி நின்றாள், பிறகு லயம் லயமாக எல்லோரும்.

மறுநாள் கங்காணி ஆள் கூப்பிட்டபோது, "சோம்பி..." என்று தொடங்கினார். நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "செவந்தி" என்றார். அவள் பெயரை அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

இத்தோடு முடிந்திருந்தால் புஷ்பத்தைப் பொல்லாதவள் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பரராசசிங்கத்துக்கு றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றலானது. அதைக் கேள்விப்பட்ட அன்றே அவள் கபூர் நானாவைத் தேடிக் கடைவீதிக்கு இறங்கினாள். அவர் மனைவி ஸபியாவின் ஊர் றக்வான. மாதத்துக்கு ஒரு தடவை போய்வருவார்.

"அங்கத்த லயத்துலயும் ஒண்டு கதையச் சொல்லிருங்க நானா. அவரு போறதுக்கு முந்தியே."

கபூர் நானா துணியை மடிப்பதை நிறுத்தினார். "என்ன புள்ள இது? அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால செல்லிட்டாரே. போதாதா?"

"அவரு ஒரு தடவதான் சொன்னாரு. எங்கக்காவ எத்தன தடவ சொன்னாங்க?"

அவர் பெருமூச்சுவிட்டார், ஆனால் கதையைக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மலைக்கே ஏறி வந்து அவளைக் கண்டார்.

"போய்ச் சேந்த அண்டைக்கே லயத்துப் புள்ளைகள் ஜன்னலுக்கு வெளிய நிண்டு செருமிக் காட்டுதுகளாம். அந்த மனிசன் ஒண்டுமே பேசல்லியாம். மொதல் வந்த பொம்புளைய நெடுநேரம் பாத்துப்போட்டு, எங்க நோவுதெண்டு கேட்டாராம்."

புஷ்பம் வெட்டிக்கொண்டிருந்த பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பால் துளிர்த்துக் கோட்டின் வழியே சிரட்டைக்கு இறங்கியது.

"எங்கக்காகிட்ட அவரு அதக் கேக்கல" என்றாள். அடுத்த மரத்துக்குப் போனாள்.